ஷ்யாமல்தாவின் போன்

காபி ஆறிக்கொண்டிருக்கும். கிரிதர் பால்கனியில் நின்று ஷ்யாமல்தாவோடு போனில் வங்காளியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். சமையலறையில் அவர் மனைவி மாதவி பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுதிருக்கிறாள், சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மனுஷன் குடியை விடவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ரிட்டயராகி, மகனும் கனடா போய், வங்காளத்து நியூ டவுன் ஃபிளாட்டில் இருவரும் தனியானபின் காலையிலேயே ஆரம்பித்தார். கடைசியில் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் சொல்லித்தான் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனார். ஷ்யாமல்தா, அதாவது ஷ்யாமல் அண்ணன், அங்கே கிடைத்தவர். தானும் குடித்து மீண்டவர். அவர் சொன்னார், இவர் விட்டுவிட்டார்.

"நான் சொன்னப்போ காதுல விழல. யாரோ ஒரு ஷ்யாமல் சொன்னா விழறது, இல்லையா?" என்றாள் ஒருநாள்.

"அவரும் குடிச்சவர், மாதவி. அவருக்குப் புரியும்."

"கூட இருந்து வாந்தி அள்ளினவளுக்குப் புரியாதா?"

சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு பக்கத்து சால்ட் லேக்கில் நடக்கும் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். குடித்த நாட்களில் அவளைத்தான் தேடுவார். கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். இப்போது டிவியும் அவளும்தான். அந்தப் பாழாய்ப்போன நாட்களுக்கா ஏங்குகிறோம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு மத்தியானம் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனவள், முதல்முறையாக மதுக்கடையில் நின்றாள். அவர் குடித்துவந்த ரம்மை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

கூட்டத்துக்குக் கிளம்பி வந்த கிரிதர் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"யார் வாங்கினா?"

"நான்தான். போங்கோ, உங்க ஷ்யாமல்தாகிட்ட சொல்லுங்கோ."

அவர் போனை எடுக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. "தொட்டா குடிச்சுடுவேன். நீயே கொட்டிடு, மாதவி. சீக்கிரம்."

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். சிங்க்கில் கவிழ்த்து, வாடை போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டாள். திரும்பியபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"பொறாமை," என்றாள். சொன்னபின்தான் அழுகை வந்தது.

அவர் திட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் ஆத்து மனுஷாளையும் அழைச்சுண்டு வருவா. உன்னைக் கூப்பிட வெக்கமா இருந்தது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஷ்யாமல்தா ஒல்லியான, பல் விழுந்த, சாதாரண மனிதர். "ஆஷுன், பௌதி" என்று அண்ணி முறை சொல்லி வரவேற்று மண்குவளையில் டீ கொடுத்தார். அவரைக் கண்டதும் கிரிதரின் முகம் மலர்ந்ததில் மாதவிக்கு மறுபடி சுருக்கென்றது. டீயை வாங்கிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.