லெட்டி பூட்டச் சொன்ன கைபேசி

லெட்டியின் மகள் ஜெரலினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்றவள் நான். அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் நினாங், ஞானத்தாய். லெட்டிக்கு நான் மாரே, அவள் பிள்ளைக்கு இன்னொரு தாய். எங்கள் லெய்ட்டே தீவில் இந்த உறவுக்கு ரத்த உறவைவிட வாய் அதிகம். கேட்காமலே புத்தி சொல்லலாம், திட்டலாம். இரண்டையும் நான் குறைவில்லாமல் செய்திருக்கிறேன். பேச வேண்டிய நேரத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜெரலினுக்கு நான்கு வயதானபோது லெட்டி ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே யாரோ பெற்ற இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பினாள். தன் பிள்ளையைக் கைபேசியில் வளர்த்தாள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். சாயங்காலம் சோறும் கருவாடும் எடுத்து வைத்து, வினிகர் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்துவிடுவார்கள். திரையில் இருந்துகொண்டே அம்மா "நிமிந்து உக்காரு", "சோத்தை இறைக்காத" என்று அதட்டுவாள். லெட்டியின் புருஷன் நோயல் மீன்பிடிக்கப் போனால் திரும்ப மூன்று நாளாகும். அந்த நாட்களில் ஜெரலின் என் வீட்டில் இருப்பாள். கைபேசியும் கூடவே வரும்.

பதின்மூன்று வயதில் அவளுக்கு இணைய விளையாட்டில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். செபு நகரத்தில் படிக்கிறாளாம், அவள் அம்மாவும் வெளிநாட்டிலாம். ஜெரலின் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளுக்கு எழுதிக் கொட்டினாள். அப்பா குடித்துவிட்டு அழுவது, வகுப்புத் தோழிகள் மேல் இருந்த பொறாமை, எல்லாம். பிறகுதான் மிரட்டல் வந்தது. சொன்னபடி கேட்காவிட்டால் இதையெல்லாம் உன் வகுப்புக்கே அனுப்பிவிடுவேன் என்று. அது சிநேகிதி இல்லை, வளர்ந்த ஓர் ஆள் என்று அப்போதுதான் பிள்ளைக்குப் புரிந்தது.

அவள் சரியானதைத்தான் செய்தாள். அம்மாவிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மா, ஒரு ஆளு என்னை மிரட்டுறான்."

"ஆளா? நான் இங்க அடுத்தவ வீட்டுக் கக்கூஸ் கழுவிக்கிட்டிருக்கேன், நீ அங்க எவன்கூடப் பேசிக்கிட்டிருக்க?"

"நான் சொல்றதைக் கேளு மா..."

"ஒண்ணும் பேசாத. மாரே, இருக்கியா? அந்த ஃபோனைப் புடுங்கி உன் அலமாரியில வச்சுப் பூட்டு. புத்தி வந்து மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

நான் பிடுங்கினேன். பூட்டினேன். அம்மா வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கைபேசியைப் பிடுங்கினால் போவது கைபேசி மட்டும்தான். ஜெரலினுக்கு அதில்தான் அம்மாவே இருந்தாள். இது லெட்டிக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

தினமும் பள்ளி விட்டதும் என் வாசலுக்கு வருவாள். "நினாங், அஞ்சு நிமிஷம். அம்மா குரலைக் கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"உங்கம்மா சொல்லணும்டி."

என் கைபேசியையாவது கொடுத்திருக்கலாம். லெட்டி கோபிப்பாளே என்ற பயம்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில், கண்டிப்பானவள் என்று பெயரெடுக்க எனக்கு ஆசை. அந்த ஆசையில் தீ விழ.

பதினெட்டாம் நாள் எல்லாம் வகுப்புக் குழுவில் வந்துவிட்டது. வகுப்பே படித்தது, ஜெரலின் மட்டும் படிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பதை மட்டும் பார்த்தாள். அதன் பிறகு இரண்டு வாரம் காலையில் சீருடை போட்டுக் கிளம்பி, படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பியிருக்கிறாள். ஆசிரியை வீடு தேடி வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் யாரிடமும் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

லெட்டி வேலையை உதறிவிட்டு வந்தாள். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று வாசலிலேயே நின்றாள். ஜெரலின் வந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வருகிற எந்தப் பெரியவருக்கும் எங்கள் பிள்ளைகள் செய்கிற மரியாதை அது. லெட்டி நீட்டிய கையோடு நின்றாள். போலீஸில் புகார் கொடுத்தோம். அந்த ஆள் இன்றுவரை அகப்படவில்லை.

அதற்குப் பிறகு லெட்டி ஹாங்காங் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கூடைப்பந்து மைதானத்தில் தாய்மார்களைக் கூட்டினாள். ஒருத்தி பிள்ளையாக நடிக்க வேண்டும், இன்னொருத்தி அம்மாவாக. "மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று பிள்ளை சொன்னால் அம்மா கத்தாமல் பதில் சொல்ல வேண்டும். பத்துக்கு எட்டு பேரின் கை நேராகச் செருப்புக்குத்தான் போகும். "அவ உன் மக இல்லடி, உன் நாத்தனார். செருப்பைக் கீழ போடு" என்று நான் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். லெட்டி சிரிக்க மாட்டாள். மறுபடி முதலிலிருந்து என்பாள்.

ஜெரலின் செபுவுக்குப் படிக்கப் போனாள். அம்மா கூப்பிட்டால் எடுப்பாள். சாப்பிட்டியா, ம். காய்ச்சல் விட்டுதா, ம். "ஒரே ஒரு விஷயம், மாரே. நான் கேக்காம, அவளா வந்து சொல்லணும். எனக்கு அது போதும்" என்பாள் லெட்டி.

இந்த வருடத் திருவிழாவுக்கு மகள் வந்திருந்தாள். மூவரும் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த சந்துச் சிறுமி மிக்கா உள்ளே வந்தாள். கையில் கைபேசி. அவளையும் எவனோ மிரட்டுகிறானாம். லெட்டி கையைத் துடைத்துக்கொண்டு தரையில் அவளோடு உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொன்னியே, அதுவே பெரிசு. உம்மேல யாருக்கும் கோபமில்ல. ஃபோனையும் புடுங்க மாட்டோம். அவன் கேக்கறதை அனுப்பாத, பதில் போடாத, வந்ததை அழிக்காத. உங்கம்மாகிட்ட நானும் வரேன். அப்புறம் மூணு பேருமா போலீஸுக்குப் போவோம்."

சிறுமி அவள் மடியில் விழுந்து அழுதாள். ஜெரலின் கத்தியை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்கா முகம் கழுவ வெளியே போனதும் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"அன்னைக்கு எங்கிட்டயும் இப்படிப் பேசியிருக்கலாமே, மா."

ஐந்து வருடத்தில் மகள் தானாக லெட்டியிடம் சொன்னது அது ஒன்றுதான்.