ஓட்டாமல் வைத்திருந்த ரயில்

தட்டையான இரண்டு கால்கள் கொண்ட அந்தப் பிளக், நம் ஊர் பிளக் பாயிண்ட் எதிலும் நுழையாது. சவுதியில் இருந்த சாச்சா சுற்றியனுப்பிய பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல், சாச்சி அதைப் பொம்மை ரயிலோடு பெரம்பலூர் வீட்டு ஷோகேஸில் வைத்திருந்தார். சாச்சி என் அம்மாவின் தங்கை, சாச்சா அவர் கணவர். இரண்டு பெட்டிகள் கொண்ட டீசல் பயணிகள் ரயில் அது. அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டைக் காலி செய்தபோது விற்றது. ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு சாச்சா போனில் சொன்னார்: "சொருகிப்புடாதே. இங்க கரண்டு நம்மூர்ல பாதிதான், கருகிடும். கரண்டக் கொறைக்கிற ஸ்டெப்டவுன் நான் வரும்போது கொண்டாரேன்."

அதன்பின் அவரிடமிருந்து போன் வரவில்லை. அங்கிருந்து லீவில் வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்: கம்பெனி மாறிவிட்டார், வேறு ஊருக்குப் போய்விட்டார், தெரியாது. தெரியாது என்றவர் மட்டும் சாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாச்சா புறப்பட்டது அரியலூரில், டீசல் பாசஞ்சரில். சாச்சிக்கு அந்த ரயிலும் இந்தப் பொம்மையும் ஒன்றுதான். நான் வேறுபாடுகளை அடுக்குவேன்: அதற்கு முன்னால் தனி இன்ஜின், இதற்கு வயிற்றுக்குள், அதன் ஜன்னலில் கம்பி, இதில் வெறும் கண்ணாடி.

"கம்பிய யாருடி பாத்தா? ஆளக் கொண்டாந்து இறக்குனா ரயிலுதான்."

துணி எடுக்க என்று வீட்டில் சொல்லி, பாசஞ்சர் வரும் நேரத்துக்குச் சாச்சி என்னோடு அரியலூருக்குப் பஸ் ஏறுவார். இறங்கியவர்கள் எல்லாரும் போன பிறகு, டீ விற்பவர் கேட்பார்: "இன்னிக்கும் பார்சல் வரலியாம்மா?" பார்சலுக்குக் காத்திருப்பதாகத்தான் சாச்சி அவரிடம் சொல்லியிருந்தார். "லேட்டாவுதுண்ணே."

அகலப்பாதை போட்டபோது அந்த மீட்டர்கேஜ் பாசஞ்சரே நின்றுபோனது. "புதுத் தண்டவாளத்துல வந்துடுவாங்க" என்றார் சாச்சி.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தபோது, ஸ்டெப்டவுன் திருச்சியிலேயே கிடைக்கும் என்றேன். "அவுங்க கொண்டாரேன்னுருக்காங்கல்ல?" அதோடு பேச்சு முடிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, பெருநாள் கழிந்த ஒரு மதியம், சாச்சி பிளக்கை உறையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "நீயே வாங்கியாந்து ஓட்டிக் காட்டு."

வாங்கி வந்தேன். கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகக் கோத்தேன். இத்தனை ஆண்டுகளில் மோட்டார் இறுகியிருக்கும் என்று நினைத்தேன். இறுகியிருந்தால் நல்லது, சாச்சி இன்னும் காத்திருக்கலாம் என்றும் நினைத்தேன். ரயில் ஓடியது. விளக்கு எரிய, ஒரு தடங்கலும் இல்லாமல் சுற்றிச்சுற்றி வந்தது. சாச்சி தாலியாகக் கழுத்தில் கிடந்த கருகமணியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் ஓடுது. நிறுத்திடும்மா."

அதன்பிறகு அவர் அரியலூருக்குப் போகவில்லை. லீவில் வந்தவர் யாரையும் கேட்கவுமில்லை. ரயிலை என்னையே எடுத்துப்போகச் சொன்னார். சாச்சா சுற்றிய பாலித்தீன் உறையை மட்டும் தரவில்லை. பிளக் என் மேசையில் உறையில்லாமல் கிடக்கிறது.