எல்லாருக்கும் ஒரே மெயில் ஐடி

போனில் இடம் நிறைந்துவிட்டதென்று அறிவிப்பு வந்தது. எதையாவது அழிக்கலாம் என்று, அதுவரை தொட்டே பார்க்காத போட்டோ ஆப் ஒன்றை ஒரு மதியம் திறந்தேன். நான் எடுக்காத படங்கள் அதில் இருந்தன. திராட்சைப் பந்தலுக்குக் கீழே மொட்டைத் தலைக் குழந்தை. குச்சனூர்க் கோயிலில் எள் விளக்கு ஏற்றும் ஒரு கை. மேகமலையில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நிற்கும் நான்கு பெண்கள். அதில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. தள்ளத் தள்ள ஊர்ப்பட்ட முகங்கள் வந்துகொண்டே இருந்தன.

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் போன் வாங்கிய கடைக்கு ஓடினேன். சின்னமனூரில் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ஓடுவது பெரிய தூரமில்லை. அன்றைக்குத் தூரமாக இருந்தது.

கடைக்காரர் படங்களைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை.

"அது கடை ஐடி அக்கா. போன் ஓடணும்னா மெயில் ஐடி ஒண்ணு கேக்கும். வாங்க வர்றவுகள்ல பாதிப் பேருக்கு அது கெடையாது. அதான் எல்லாருக்கும் ஒரே ஐடியப் போட்டு விட்டுர்றது."

"அதுக்கு அவுக எடுத்த படம் எனக்கு எப்பிடி வருது?"

"ஒரே ஐடில்ல? அங்கன எடுத்தா இங்கன தெரியும்."

"நான் எடுத்தா?"

"நீங்க எடுத்தாலும் அப்பிடித்தேன்" என்று சிரித்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் போனில் ஏழு படங்கள் இருந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்துவிட்டிருந்தார்கள். காயம் ஆறுகிறதா என்று பார்க்க, அடிக்கடி அலைய வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள் என்றார் டாக்டர். நானே கண்ணாடி முன் நின்று எடுத்தேன். முகம் விழாமல் பார்த்துக்கொண்டேன். அதிலொன்றில் மட்டும் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்திருந்தேன். நான் லேடீஸ் டெய்லர். முகத்தைவிட அந்த டேப்தான் என் அடையாளம்.

ஆபரேஷனுக்குப் போகுமுன்பே என் கணவர் சொல்லிவிட்டார்: "யாரும் கேட்டா கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லு. அதுக்கு மறு கேள்வி கேக்க மாட்டாக." கேட்கவுமில்லை. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்குத் டேப்பை மார்பில் வைத்து அளவு பார்த்தவள் நான். அவர்கள் கண் என் ஜாக்கெட்டின் இடது பக்கம் ஒரு நொடி தங்கினாலும் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். துணியை மடித்து உள்ளே வைத்துத் தைத்து, அந்தப் பக்கத்தை வலது பக்கத்துக்குச் சமமாக்கி வைத்திருந்தேன். என் தொழிலில் நானே செய்த சிறந்த வேலை அதுதான்.

"குடுங்க, புது ஐடி நானே போட்டுத் தாரேன்" என்று கையை நீட்டினார் கடைக்காரர். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியை மட்டும் சொல்லச் சொல்லி, பையிலிருந்த அளவுச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுவிட்டு, முதலில் அந்த ஏழு படங்களையும் தேடினேன். இல்லை. மேலே போனேன், கீழே வந்தேன், ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. தண்ணீர் குடித்தேன். பாதிச் சொம்பில்தான் உறைத்தது: நான் எதையும் அழிக்கவில்லையே. அடுத்த முறை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

சீட்டின் கடைசி வரியில், அழித்த படம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் அழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்தக் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். ஏழும் அங்கே கிடந்தன. வேறு யாருடைய படமும் இல்லை. என்னுடைய ஏழு மட்டும்.

யாரோ பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தேர்ந்து, அழுத்தி, தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இரக்கப்பட்டா, அருவருத்தா, பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகா? நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கினேன். இனி டாக்டர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

பிறகு புது ஐடி. பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. கடவுச்சொல் இரண்டு முறை பொருந்தவில்லை, விரல் அப்படி வேர்த்திருந்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்து அடித்தேன். போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதைப் போட்டதும் வரவேற்பு வந்தது. கடை ஐடியை நீக்கினேன். மொட்டைக் குழந்தை, எள் விளக்கு, நான்கு பெண்கள் எல்லாரும் ஒரே நொடியில் போனார்கள்.

பயம் போகவில்லை. அதற்குப் பிறகு கடைவீதியில் யார் சிரித்தாலும் இவரா என்று தோன்றியது. தெரிந்தவர்கள் சிரிக்காமல் போனால் இன்னும் மோசம். அளவெடுக்கும்போது முகங்களைப் பார்த்து அளவைத் தப்பாக எழுதினேன். இரண்டு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மாசித் திருவிழாவுக்கு முன்னால் ஒரு பெண் ஜாக்கெட் துணியோடு வந்தார். மேகமலை எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். முதல் தடவையாக வருகிறார், ஆனால் எங்கோ பார்த்த முகம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. எனக்கு உடனே பிடிபடவில்லை. கழுத்தில் டேப் தொங்க, லைனிங் துணியைக் காட்டலாம் என்று மேல் தட்டுக்கு இடது கையைத் தூக்கினேன்.

அவர் பதறி எழுந்து வந்தார்.

"அந்தக் கையத் தூக்காதீகக்கா. நான் எடுத்துத் தாரேன்."

கர்ப்பப்பை எடுத்தவளிடம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். லயன் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. அவர் துணியை எடுத்து என் முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் ஜாக்கெட்டையும் பார்க்கவில்லை. அழித்தது இவர்தான். அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"ஒங்க போன வேற யாரும் பாப்பாகளா?"

அவர் லைனிங் துணியின் மடிப்பை நீவிவிட்டார்.

"எங்க லயன்ல ஆறு வீட்டுக்கும் அந்த ஒரு போனுதேன்கா" என்றார்.

பிறகு அளவெடுக்க வசதியாக இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். நான் டேப்பை எடுத்தேன்.