சௌனா வாசல் பெஞ்சு

ஹெல்சின்கி நகரத்தின் கல்லியோ பேட்டையில் இர்மா கொக்கோனனின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. வாழ்நாளெல்லாம் டிராம் ஓட்டியவள். குடிகாரனையும் கோட்டு சூட்டுக்காரனையும் ஒரே அதட்டில் இறக்கிவிட்டவள். பிறந்தது, கட்டிக்கொண்டது, கட்டினவனைத் துரத்தியது எல்லாம் ஒரே தெருவில். அவளுடைய ஒற்றை அறை வீட்டில் குளியலறை கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே யாருக்கு இருந்தது? தெருவிலிருக்கும் பொதுச் சௌனா என்கிற நீராவிக் குளியலறைதான் குளியல், அதன் வாசல் பெஞ்சுதான் கூடம். உள்ளே வெந்து சிவந்து, துண்டோடு வெளியே வந்து, உடம்பில் ஆவி பறக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பியர் குடித்தால்தான் அவளுக்கு வாரம் முடியும்.

அந்தப் பெஞ்சைத்தான் தூக்கிவிட்டார்கள். எதிர்மாடியில் புதிதாக வீடு வாங்கிய வேரா, துண்டோடு தெருவில் உட்காருவது அசிங்கம் என்று ஊரைக் கூட்டிச் சாதித்துவிட்டாள். வீட்டு விளம்பரத்தில் 'உயிர்த்துடிப்பான பழைய கல்லியோ' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஓடி வந்தவளும் இவளேதான். என்ன திமிர்!

வெள்ளிக்கிழமை அதே வேரா வெளியூர்த் தோழியைக் கூட்டிக்கொண்டு சௌனாவுக்கு வந்தாள். "இதுதான்டி எங்க ஏரியாவோட அழகே!" என்று பெருமை வேறு. உள்ளே மேல்படியில் உட்கார்ந்திருந்த இர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சௌனாவுக்குள் யாரும் சண்டை போடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அடுப்பில் காய்ந்த கற்கள்மேல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். குப்பென்று ஆவி கிளம்பி அறை முழுக்கக் கொதித்தது.

வேராவுக்குத் தலை கிறுகிறுத்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உட்கார இடமில்லை, நடைபாதையிலேயே சரிந்தாள். இர்மாவும் பின்னாலேயே வந்தாள்.

எதிர்மாடி ஜன்னல் படீரென்று திறந்தது. "ஏய்! துண்டோட அங்க உட்காராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? போலீஸைக் கூப்பிடவா?"

வேராவின் கணவன். மேலிருந்து பார்த்தவனுக்கு ஈரத்தலைதான் தெரிந்தது, பெண்டாட்டி தெரியவில்லை.

"பதில் சொல்லேம்மா," என்றாள் இர்மா. "நான்தான் உட்கார்ந்திருக்கேன், பெஞ்சு வேணும்னு உன் வாயால சொல்லு."

வேரா துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் தோழி வெளியே வந்தாள்.

"யாருடி கத்துனது?"

"யாரோ. இந்த ஏரியா ஆளுங்களே இப்படித்தான்."

இர்மா துண்டோடு தெருவில் நடந்து தன் வீட்டு மாடியேறி, சமையலறை நாற்காலியைத் தூக்கி வந்து, அந்த ஜன்னலுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

"கூப்பிடுடா போலீஸை!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "இந்த ஏரியா ஆளு யாருன்னு அவங்க வந்து பார்க்கட்டும்!"