மேல் மாடிச் சிறுமியின் காய்ச்சல்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'கிருமி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தின் டாக்டர் அவள். சளி, ரத்தம், சீழ் என்று எது வந்தாலும் அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, இன்னது என்று சொல்வாள். ஆனால் நோயாளிகளை நேரில் பார்க்க மாட்டாள்.

மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்ட சிறுமி ஒருத்தி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்தாள். திடீரென்று காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. மூச்சுக்குழாய்ச் சளியைக் கீழே அனுப்பினார்கள். தட்டில் கிருமி மண்டிக் கிடந்தது.

குழந்தைகள் டாக்டர் போன் செய்தார். "அக்கா, வென்டிலேட்டரால வந்த நிமோனியாதானே? பெரிய மருந்தா ஆரம்பிச்சிடவா?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி. கிருமி இருக்கு, ஆனா நிமோனியான்னா நிறைய இருக்க வேண்டிய சீழ் அணு ரொம்பக் கம்மி. குழாயில சும்மா ஒட்டிட்டிருக்கா, நுரையீரலுக்குள்ள புகுந்துடுச்சான்னு தட்டு சொல்லாது."

போனை வைத்த பிறகும் மனசு அடங்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த கணவரிடம் புலம்பினாள். அவர் அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன்.

"மேல போய்ப் பாரேன். லிஃப்ட் நான் ரிப்பேர் பண்ணதுன்னு பயமா?"

சிரித்துக்கொண்டே போனாள். கட்டிலருகே நின்றதும் சிரிப்பு போய்விட்டது. அந்தப் பிஞ்சுக் காலில் பாதி விரல்களுக்கு மட்டும் நகப்பூச்சு. சமாளித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆக்ஸிஜன் கூட்ட வேண்டி வந்துச்சா?"

"லேசா. பெரிசா இல்லை," என்றார் டாக்டர்.

"சளி நிறம் மாறுச்சா?"

"வெள்ளைதான். ஆனா பசை மாதிரி கெட்டி," என்றாள் நர்ஸ்.

டாக்டர் எக்ஸ்ரேயை மறுபடி தூக்கிப் பார்த்தார். "கெட்டிச் சளி அடைச்சு, அந்தப் பகுதி சுருங்கியிருக்குமோ?"

சிறுமியைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் தட்டி, சளியை உறிஞ்சினார்கள். அடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளையைக் காணோம். நிமோனியாவாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் மறையாது.

"அப்ப காய்ச்சல் எங்கேயிருந்து வருது?" அவளுக்கு விட மனசில்லை. அவளும் குழந்தைகள் டாக்டரும் சிறுமியின் தலை முதல் கால் வரை தேடினார்கள். தொடையின் ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாயைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு, அந்தக் குழாயைக் கழற்றினார்கள். ரத்தத்தில் வளர்ந்தது வேறு கிருமி.

"தம்பி, இவன் வேற ஆளு!" என்று போனில் கத்தினாள்.

அதற்கென்று மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. பிறகு வென்டிலேட்டரையும் எடுத்தார்கள்.

மறுபடி பார்க்கப் போனபோது சிறுமி கரகரத்த குரலில் கேட்டாள்: "நீங்க ஊசி போடுவீங்களா?"

"இல்லடா கண்ணு. உன் சளியில என்ன இருக்குன்னு பார்ப்பேன்."

"என்ன இருந்துச்சு?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.