பூக்காத துவரை

முத்துத்தாயின் மூத்த பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தது. எழுபத்தாறாம் வருஷம் அது. கீழக்குயில்குடியில், மலையடிவாரத்தில் இருந்த தங்கள் சோளக்காட்டின் மூலையிலேயே அவளும் புருஷன் நல்லகாமனும் அதைப் புதைத்தார்கள். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் தானாக ஒரு துவரை முளைத்தது. சோளத்துக்கு நடுவே விதைத்த துவரையை எல்லாம் தை முடிந்து அறுத்தபோது, அதை மட்டும் அறுக்க அவள் விடவில்லை. கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள்.

மூன்றாம் வருஷம் அது ஆள் உயரத்துக்குப் புதராக நின்றது. ஆனால் பூக்கவில்லை. இலைகள் சிறுத்து, வெளிறித் தேமல் விழுந்திருந்தன. அந்த மார்கழியில் காட்டில் இருந்த மற்ற துவரையும் பூக்கவில்லை. சோளம் அறுத்து, சுற்றுமுற்றும் காய்ந்த பிறகும், துவரை மட்டும் ஒரு காய்கூட இல்லாமல் பச்சையாகவே நின்றது. அடுத்த வருஷம் பக்கத்துக் காட்டுச் சோணையம்மாளின் துவரைக்கும் அதே கதி.

"புள்ள பசியில கெடக்கு முத்துத்தாயி. அதான் எதையும் காய்க்க விட மாட்டேங்குது" என்றாள் சோணையம்மாள்.

முத்துத்தாய் பால் ஊற்றினாள், சட்டை வாங்கிப் படைத்தாள். பிறகு காட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் நடந்தாள். பார்க்காவிட்டாலும் இலை அசையும் சத்தம் கேட்டது.

நல்லகாமன் மதுரைக்குப் போய் விவசாய ஆபீசில் சொல்லிவிட்டு வந்தான். அனந்தநாராயணன் என்ற அதிகாரி வந்து ஓர் இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். இலையின் அடியில் தூசு நகர்வதுபோல் ஏதோ நகர்ந்தது.

"சிலந்திப்பேன்மா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. காத்துல போய் அடுத்த செடியில உக்காரும். நோயையும் சுமந்துட்டுப் போகும். மலட்டுத் தேமல்னு பேரு. அறுக்காம விட்ட பழைய செடி எங்கயாவது நிக்குதா?"

நல்லகாமன் தரையைப் பார்த்தான். முத்துத்தாய்தான் "இருக்கு சார்" என்று முன்னால் நடந்தாள்.

செடியைப் பார்த்ததும், "இங்கேருந்துதான் எல்லாத்துக்கும் பரவுது" என்று தண்டைப் பிடித்தார் அதிகாரி.

"கைய வைக்காதீங்க சார்" என்றாள் முத்துத்தாய்.

"எங்க புள்ளைய இங்கதான் பொதச்சிருக்கு" என்றான் நல்லகாமன்.

அவர் பின்வாங்கிச் செருப்பைக் கழற்றினார். "வெட்டினா திரும்பத் துளுத்துரும்மா. வேரோட எடுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கோடை முழுக்க யாரும் அதைத் தொடவில்லை. முத்துத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. காற்று வீசினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வைகாசியில் சோணையம்மாள் மறுபடி விதைக்கக் காட்டை உழுவதைப் பார்த்தவள், வீட்டுக்கு வந்து புருஷனிடம், "இன்னைக்கு எடுத்துருவோம்" என்றாள்.

அவன் கடப்பாரையை எடுத்தான்.

"அது வேணாம். கீழ பட்டுரும்."

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கினாள். இரண்டு கையாலும் செடியைப் பிடித்து மெல்ல அசைத்து அசைத்து இழுத்தாள். வேரோடு என்ன வருமோ என்று நல்லகாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெடுநேரத்துக்குப் பிறகு வேர் வந்தது. அதில் ஈரமண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கதறி அழுதாள்.

செடியைக் காயப்போட்டு எரித்தார்கள். அந்த மார்கழியில் இரண்டு காடும் மஞ்சளாகப் பூத்தன.

"புள்ள மனசு எறங்கிருச்சு" என்றாள் சோணையம்மாள்.

பின்னால் அவளுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். எல்லா வேலைக்கும் காட்டுக்குப் போவாள். துவரை நெற்றாகி நிற்கும் நாட்களில் மட்டும் அவள் வீடு திரும்ப நேரமாகும். காற்றடித்தால் காய்ந்த நெற்றுகள் காடு முழுக்கக் கிலுகிலுப்பை மாதிரி குலுங்கும். நல்லகாமன் வரப்பில் நின்று, "வாரியா?" என்று கூப்பிடுவான்.

"நீ போ. நான் வாரேன்" என்பாள்.