வாசல் பக்கம் ஓடிய தண்ணீர்

கேட்கிற விலையைவிடக் குறைத்து ஒரு வீட்டை வாங்கப் போகிறீர்கள். கூரை ஒழுகுகிறது என்று சொல்லிக் குறைப்பீர்களா, அங்கே யார் செத்தார்கள் என்று சொல்லிக் குறைப்பீர்களா?

பதிலை வைத்துக்கொண்டு ரசமட்டத்தின் கதையைக் கேளுங்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிதான் ரசமட்டம். டைல்ஸ் பதித்துப் பதித்துப் பதினெட்டு வருடம் முட்டி தேய்ந்த ஒரு பெண்ணுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயரும் அதுவே. கோணலாக எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பிடித்த வீடு என்று கிடைத்தது ஒன்றுதான். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் விற்கும் வீடு; ஒரு கூடம், இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை. அவர் கேட்ட விலையை நூறு என்று வைத்தால், கடனும் சேமிப்பும் காதில் கிடந்ததும் சேர்த்து அவளால் புரட்ட முடிந்தது எண்பத்தெட்டு. தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் கிடையாது.

கடன் அவளுடைய சம்பாத்தியத்தின் பேரில்தான். அது தெரிந்தும் தரகர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. பேச்செல்லாம் பேருந்து ஓட்டுநரான அவள் கணவனிடம். ஒரு பெண் தன் பணத்தில் வீடு வாங்கினாலும் ஆணின் முகத்தைப் பார்த்தே விலை சொல்லும் உலகம் இது. வாசலிலேயே அவன் காதைக் கடித்தார்.

"சார், தபால்காரரோட சம்சாரம், பையன், ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல இங்கதான் போய்ச் சேர்ந்தாங்க. காவு வாங்குற வீடுன்னு தெருவே பேசுது. அந்த ஒரு வார்த்தையப் போடுங்க, முப்பது இறங்கும்."

கணவனுக்குச் சபலம் தட்டியது. ரசமட்டத்துக்கு அது காதில் விழுந்துவிட்டது.

"நோய் வந்து போனாங்க. வீடா கொன்னுச்சு?" என்றாள். "அடுத்தவர் அழுகைய வெச்சு நாம விலை பேச வேணாம். தரையத் தட்டிப் பார்த்துப் பேசுவோம்."

யாருமே சாகாத வீடுதான் வேண்டுமென்றால், இன்னும் கட்டாத வீட்டைத்தான் வாங்க வேண்டும். இது புரியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அவள் மொட்டைமாடி ஏறி வெடிப்பைப் பார்த்தாள். கூடத்துத் தரையை விரல் முட்டியால் தட்டினாள். பாதி டைல்ஸ் பொக்கென்று சத்தம் கொடுத்தது. குளியலறையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அது சாக்கடைத் துளைக்குப் போகாமல் வாசல் பக்கம் ஓடிவந்து அவள் காலை நனைத்தது. சரிவு, அதாவது வாட்டமே தப்பு. மாடிக்கு ஆறு, கூடத்துக்கு நான்கு, குளியலறைக்கு இரண்டு. கூட்டினால் பன்னிரண்டு. ஆக எண்பத்தெட்டு. அப்பாடா என்றிருந்தது.

தபால்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர் குளியலறை என்றதும் நிமிர்ந்தார்.

"அது தெரியாம பண்ணதில்லம்மா. பையன் வீல்சேர்ல போகணுமேன்னு படிய எடுத்துட்டுத் தரையக் கூடத்து மட்டத்துக்கு ஏத்தினோம். தண்ணி வெளிய வரும்னு தெரியும். நானே தள்ளி விட்டுடுவேன்."

ரசமட்டம் விரலை மடக்கிக் கணக்கைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "அப்ப அது தப்பில்லைங்க. அந்த ரெண்ட எடுத்துடறேன். தொண்ணூறு" என்றாள்.

கணவன் அவளைப் பார்த்த பார்வையில் பேருந்தே பிரேக் அடித்து நின்றிருக்கும். இல்லாத இரண்டுக்கு எங்கே போவது? அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் தப்பில்லாததைத் தப்பென்று சொல்லிப் பணம் பிடிக்க வாய் வரவில்லை.

"வேற ஒண்ணும் சொல்லலையே?" என்றார் தபால்காரர். காவு வாங்குற வீடு என்ற வார்த்தை எப்போது வரும் என்றுதான் காத்திருந்தார் என்பது குரலில் தெரிந்தது.

"வேற என்னங்க, சுவரெல்லாம் நல்லா இருக்கு. ஆனா உண்மையச் சொல்லிடறேன், எங்க கையில எண்பத்தெட்டுதான் இருக்கு. எங்கயாவது கேட்டுப் பார்த்துட்டு வரேன்."

"எங்கயும் கேக்க வேணாம். மூணு பேர் என் பையன் செத்ததச் சொல்லி விலை கேட்டாங்க, மூணு பேரையும் அனுப்பிட்டேன். நீங்கதான் வீட்டப் பார்த்து விலை சொன்னீங்க. எண்பத்தெட்டே இருக்கட்டும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று தரகருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

குடிவந்து ஆறு வருடமாகிறது. மாடியைப் பூசிவிட்டாள், கூடத்துக்குப் புது டைல்ஸ் போட்டுவிட்டாள். குளியலறையில் மட்டும் கை வைக்கவில்லை. ரசமட்டத்து வீட்டிலேயே வாட்டம் தப்பா என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தால் சிரித்துக்கொள்வாள். தினமும் குளித்து முடித்ததும், முன்பு அந்த அப்பா தள்ளிவிட்டதைப் போலவே, வாசலுக்கு ஓடிவரும் தண்ணீரைத் துளைக்குத் தள்ளிவிடுகிறாள்.

நீங்களும் நாளை வீடு பார்க்கப் போவீர்கள். தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். தரையைத் தட்டுங்கள், தண்ணீரை ஊற்றுங்கள், மாடி ஏறிப் பாருங்கள். யாராவது உங்கள் காதைக் கடித்து அங்கே விழுந்த சாவைச் சொன்னால், விற்பவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்: "அத விடுங்க, கூரை ஒழுகுதான்னு பார்ப்போம்."